காற்றுக்கும் ஓர் அளவு

கேள்வி: உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் என் கணவருக்கு வைத்தியர் தந்த காற்றுக் கருவியின் அழுத்தத்தை நாங்களே கூட்டிக் குறைக்கலாமா? (வாசகி, விரிஞ்சிபுரம்)

பதில்: மதிலழகுக்குப் பிரசித்தி பெற்ற தங்கள் ஊரில், அம்மதிலையும் தாண்டி ஒலிக்கும் குறட்டையை அடக்க விரும்புவது நியாயமே, அம்மணி! ஆயினும், 1980-இல் சிட்னி நகரத்து வைத்தியர் காலின் சல்லிவன் முதன்முதலாகப் பிரயோகித்த இச்சிகிச்சை, தொண்டைக் குழல் ஒட்டிக்கொள்ளாதபடி காற்றால் தாங்குவதாகையால், சாதாரணமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரையுள்ள வீச்சில் அவரவர்க்கு உரிய அளவை, உறங்குபவரின் மூச்சையும் பிராணவாயுவையும் இரவு முழுதும் கவனித்து நிர்ணயிப்பதே முறை. குறைத்தால் குறட்டை திரும்பும். மிகுத்தால் வயிறு உப்பும், முகமூடியோரம் காற்றுக் கசியும். (முகமூடி பொருந்தாத குற்றத்தை அழுத்தத்தின் தலையில் சுமத்துவோரும் உளர்.) ஆகவே பொத்தானைத் தொடாமல், கருவியோடு கணவரையும் அழைத்துக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறுங்கள்.