மோட்டர் பூட்டிப் பாட்டு இறைக்கிறதோ?

என்ன தம்பி, விடிய வந்து கசூரினாக் கடற்கரையிலை சவுக்குக்குக் கீழை குந்தினனீர், வெயிலும் ஏறீட்டுது. கொப்பியைக் காட்டும் பாப்பம். 'நிலவே'. ம். பிறகு? அதையும் வெட்டிப்போட்டீர். நல்லது. எத்தினை பேற்றை பாட்டுக்கெண்டு அந்த நிலவும் ஓடித் திரியிறது?

பாட்டு வருகுதில்லை எண்டு கடலைப் பாக்கிறீர். அது தொழிலுக்குப் போறவைக்கே ஒழுங்காக் குடுக்குதில்லை, உமக்கோ குடுக்கப்போகுது?

நவாலியிலை சோமசுந்தரப் புலவர் எண்டு ஒருத்தர் இருந்தவர், 1953இலை காலமானவர். சனம் 'தங்கத் தாத்தா' எண்டும். அவர் ஆடிப்பிறப்புக் கூழைப் பாடினார், கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடினார். பள்ளிக்கூடப் பிள்ளையள் இண்டைக்கும் பாடுதுகள். உங்கடை வீட்டிலையும் ஆடிக்கூழ் காய்ச்சுறவைதானே? நீர் குடிச்சிட்டு ஏப்பம் விட்டதோடை சரி.

கரைவலை இழுக்கேக்கை பாடுற அம்பா கேட்டிருக்கிறீரோ? ஒருத்தர் அடி எடுத்துக் குடுப்பார், மற்றவை 'ஏலேலோ' எண்டு இழுப்பினம். அவை இழுத்து முடிக்கிறதுக்குள்ளை முன்னுக்கு நிக்கிறவர் அடுத்த அடியைக் கட்டிப்போடுவார். வராட்டில் பழைய அடியையே இன்னொருக்கா விடுவார். ஒருத்தரும் கோவிக்கிறேல்லை, வலை கரைக்கு வந்தால் காணும். உமக்கோ இழுக்க வலையுமில்லை, ஏலேலோ சொல்ல ஆளுமில்லை. காதிலை கெட்போனைப் பூட்டிக்கொண்டு தனிய இருந்து அழிறப்பரைத் தேய்க்கிறீர்.

கண்ணதாசனே தனிய இருந்து மண்டையைக் குடையேல்லை. விஸ்வநாதன் ஆர்மோனியத்திலை மெட்டுப் போட, இவர் வாயாலை சொல்லச் சொல்ல, உதவிக்கு இருந்த பஞ்சு அருணாசலம் எழுதினார். வெட்டுற புத்தி கைக்குத்தான், தம்பி. வாய் சொல்லிப்போட்டுத் தன்பாட்டிலை போயிடும்.

'இறைக்கிற கிணறுதான் ஊறும்' எண்டு உம்மடை வாத்தியார் சொல்லித் தந்திருப்பார். அந்த மனிசன் காரைநகரிலை தண்ணி அள்ளியிருக்க மாட்டார். இஞ்சை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை, உவர்த்தண்ணிக்கு மேலை, மழைத்தண்ணி மெல்லிசாக் கிடக்குது. வாளியாலை அளவா அள்ளினால் நல்ல தண்ணி. மோட்டரைப் பூட்டி ஒரேயடியா இறைச்சால் கீழை கிடக்கிற உப்பு மேலை வரும். இருந்த இருப்பிலை முழுப்பாட்டையும் முடிக்கிறன் எண்டு நீர் பூட்டினதும் அந்த மோட்டர்தான். காலமை நாலடி அள்ளும். நல்லாயிருக்கோ எண்டு நக்கிப் பாக்காமல் மூடி வையும்.

பின்னேரம் எங்கடை வீட்டுப் பக்கம் வாரும். நாலு கிழடுகள் வெத்திலையோடை சும்மாதான் இருக்கிறம், ஏலேலோ சொல்லுவம். மெட்டுப் பிழைச்சால் சொல்லுவம். பாட்டுப் பிழைச்சால் ஒண்டும் சொல்லமாட்டம், ஒடியல் கூழ் ஊத்தித் தந்து அனுப்பிவிடுவம்.