ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு பவர் டேபிள்காரனின் விண்ணப்பம்

பெறுநர்: மாண்புமிகு தலைவர் மற்றும் உறுப்பினர்கள், சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், புது தில்லி.

அனுப்புநர்: பவர் டேபிள்காரன் ஒருவன், திருப்பூர்.

பொருள்: அரசுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் வட்டியில்லாக் கடன் வழங்கிவரும் என்னை ஒரு வங்கியாக அங்கீகரிக்க வேண்டுதல் தொடர்பாக.

அம்மையீர், ஐயன்மீர்,

பவர் டேபிள், அதாவது பிறர் வெட்டிக் கொடுக்கிற துணியைக் கூலிக்குத் தைத்துத் தருகிற கூடம் ஒன்றை நடத்துகிறேன். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து இருபது மெஷின். துணி என்னுடையதில்லை, லேபிள் என்னுடையதில்லை, பிராண்டும் என்னுடையதில்லை. வரி மட்டும் என்னுடையது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு முன்ஜாக்கிரதை. 2024 செப்டம்பரில் கோவையில் ஓட்டல்காரர் ஒருவர், பன்னுக்கு வரியில்லை, உள்ளே வைக்கிற கிரீமுக்கு வரி உண்டு, ஆகவே வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியே கேட்கிறார் என்று மேடையில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். பிறகு அவர் மன்னிப்புக் கேட்கும் வீடியோவை ஊரே பார்த்தது. இந்தக் கடிதத்தில் யாருக்காவது சிரிப்பு வந்தால் அதற்கான மன்னிப்பை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். பில்லில் தனி வரியாகக் காட்டவும் தயார்.

உங்கள் சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பெரிய மில் கண்ணில் தெரிகிறது. ஒரு வாசலில் பஞ்சு நுழையும், மறு வாசலில் சட்டை வெளியேறும், நடுவில் நடப்பதெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அப்படிப்பட்ட கூரைகள் திருப்பூரிலும் சில உண்டு. மற்றபடி ஊரேதான் கம்பெனி, தெருக்கள்தான் அதன் வராந்தா. நிட்டிங் ஒருவரிடம், சாயம் வீரபாண்டிப் பக்கம், காம்பாக்டிங் இன்னொருவரிடம், பிரின்டிங் மங்கலம் ரோட்டில், தையல் என்னிடம், காஜா பட்டன் பக்கத்துச் சந்தில், அயர்ன் அதற்கடுத்த மாடியில். மில்லுக்குள் துணி இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கே இந்தச் சந்திலிருந்து அந்தச் சந்துக்குப் போனால் அது சேவை. சேவை என்றால் பில், பில் என்றால் 5 சதவீதம்.

போகிற வழிக்கும் காகிதம் உண்டு. டெலிவரி சலான் மூன்று பிரதி. சரக்கின் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால், 2018 ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் ஓடுவதற்கும் இ-வே பில். நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு நாள் கெடு தருகிறீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் புஷ்பா தியேட்டர் ரவுண்டானாவில் குட்டியானை நிற்கிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர் யாரோ, அவருக்கு நன்றி. சரக்கை அனுப்பியவர் ஐடிசி-04 என்கிற படிவத்தில் போனது வந்தது எல்லாம் எழுத வேண்டும். கட்டிங்கும் சேர்த்துச் செய்கிற இடத்துக்குத் துணி கிலோவில் போகிறது, பீஸ் கணக்கில் திரும்பி வருகிறது. இடையில் கிலோவெல்லாம் எங்கே போயிற்று என்று படிவம் கேட்கும். கட்டிங் மாஸ்டரைக் கேட்டால் மூலையில் குவிந்திருக்கிற வேஸ்ட்டைக் கைகாட்டுவார். படிவத்துக்குக் கை காட்டினால் புரியாது.

இதையெல்லாம் பழகிக்கொண்டோம். பழக முடியாதது கடன் விவகாரம்தான்.

உதாரணத்துக்கு, ஒரு மாதம் 6 லட்ச ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்துப் பில் போடுகிறேன். வரி 30,000. கழித்துக்கொள்ள, வாங்கும்போதே கட்டிய உள்வரி என்று என்னிடம் என்ன இருக்கிறது? நூல்கண்டு, ஊசி, மெஷின் ஆயில். என் செலவில் பெரும்பங்கு தையல்காரர் கூலி, அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. அடுத்தது கரண்ட் பில், மின்சாரத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. ஆக, கிட்டத்தட்ட முழுத் தொகையையும் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ரொக்கமாகக் கட்ட வேண்டும். சிறியவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம் என்று சலுகை கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் பணத்தை மட்டும் அப்போதும் மாதாமாதம் கேட்கிறீர்கள். படிவத்துக்கு இருக்கிற இரக்கம் பணத்துக்கு இல்லை.

வேலை கொடுத்த பார்ட்டியிடம் கூலியைக் கேட்டால், “பையர் பேமென்ட் இன்னும் வரலைங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாங்க” என்பார். அந்த அடுத்த வாரம் மூன்று மாதம் கழித்து வரும். அதற்குள் என் பில் அவருடைய உள்வரிப் பட்டியலான 2பி-யில் ஏறி, நான் கட்டிய 30,000 ரூபாயை அவர் உள்வரியாக எடுத்துக்கொண்டிருப்பார். எனக்குப் பணம் கொடுத்தாரா என்று சட்டம் அவரைக் கேட்பது 180 நாள் கழித்துத்தான். என்னிடம் மட்டும் 20-ஆம் தேதி தாண்டினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பேங்கில் நகைக்கடன் வட்டி அதைவிடக் குறைவு என்பதால், 19-ஆம் தேதி வீட்டு வளையல் இந்திய அரசின் நிதிநிலையை உயர்த்தப் புறப்படுகிறது.

இன்னொரு வேடிக்கை. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டலாம் என்று 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டம் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டம் 180 என்கிறது. இரண்டுமே ஒரே நிதியமைச்சகத்தின் ஒரே வருவாய்த் துறையைச் சேர்ந்தவை. 45-ம் 180-ம் ஒரு நாள் டீ குடிக்கச் சந்தித்துப் பேசிக்கொண்டால் தேவலை.

சட்டையை வாங்கி விற்கிற கடைக்காரர் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டாம். அதே சட்டையைத் தைத்துக் கொடுக்கிறவன் 20 லட்சத்திலேயே பதிய வேண்டும், ஏனென்றால் அவன் செய்வது சேவை. பத்துத் தையல்காரருக்குக் கூலி கொடுக்கிற எவனும் 20 லட்சத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு மடங்கு இடம், தைக்கிறவனுக்கு ஒரு மடங்கு. நாற்காலியின் அகலத்தைப் பார்த்து முடிவு செய்தீர்கள் போலும்.

விகிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் ஆடைத் தையல் கூலிக்கு 18 சதவீதம் என்றீர்கள், ஆகஸ்டில் 5 என்று இறங்கி வந்தீர்கள். 2022 ஜனவரி 1 முதல் துணிமணிக்கு 12 என்று அறிவித்தீர்கள். காதர்பேட்டை ஆடைச் சந்தையில் விலைப்பட்டியல் மாற்றியெழுதிக்கொண்டிருந்தபோது டிசம்பர் 31 அன்று கூடி, வேண்டாம் என்றீர்கள். அவ்வளவு அருமையான புத்தாண்டு வாழ்த்து எங்களுக்கு வேறு யாரும் சொன்னதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை ஆடைக்கு 5 சதவீதம் என்று ஆக்கியது நல்ல காரியம், கிண்டலில்லாமல் சொல்கிறேன். முன்பு ஆயிரம் ரூபாயில் கோடு இருந்தபோது, கம்பெனியிலிருந்து 900-க்கு 5 சதவீதத்தில் புறப்பட்ட சட்டை, கடையில் 1,100-க்கு விற்றால் 12 சதவீதமாகிவிடும்.

எங்கள் ஊர் சாயப்பட்டறைக்காரர்கள் தனியே எழுதுவார்கள். சாயத்துக்கும் ரசாயனத்துக்கும் 18 கொடுத்து வாங்கி, வேலைக்கு 5 போட்டு பில் எழுதுகிறார்கள். மிஞ்சுகிற வரியைத் திரும்பப் பெற நீங்கள் வைத்திருக்கிற சூத்திரத்தில் கோளாறு உண்டு, மன்றமே பரிசீலிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றமே 2021-ல் சொல்ல வேண்டியிருந்தது. மறு ஆண்டு கொஞ்சம் திருத்தினீர்கள். அவர்களுடைய கடிதத்தில் கணக்கு அதிகம் இருக்கும், கால்குலேட்டரோடு உட்காரவும்.

விற்பனை வரி எங்களுக்குப் புதிதல்ல. 1939-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தார், மதுவிலக்கால் கஜானாவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப. இன்று டாஸ்மாக் தெருமுனையில் இருக்கிறது, வரியும் வீட்டுக்குள் இருக்கிறது. குடிக்கிற மது மட்டும் ஜிஎஸ்டிக்கு வெளியே சாய்ந்து நின்று எங்களை வேடிக்கை பார்க்கிறது.

வெளியூர் வழக்கத்தையும் பாருங்கள். நாங்கள் தைக்கிற டீசர்ட் நியூயார்க் நகரக் கடையில் 110 டாலருக்குக் கீழே விற்றால் விற்பனை வரி கிடையாது. பிரிட்டனில் குழந்தை உடுப்புக்கு வாட் பூஜ்யம். அதே பிரிட்டனில் ஆண்டுக்கு 13.5 லட்சம் பவுண்டு வரை வியாபாரம் செய்கிறவர், விரும்பினால் காசு கைக்கு வந்த பிறகு வாட் கட்டலாம். அது வெள்ளைக்காரன் ஊர் என்று தள்ளிவிட வேண்டாம். ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த நம் சேவை வரியிலேயே தனிநபரும் கூட்டு நிறுவனங்களும் 50 லட்ச ரூபாய் வரை பணம் வந்த பிறகு கட்டலாம் என்று விதி இருந்தது. 2017-ல் நள்ளிரவில் வீடு மாற்றியபோது அந்தப் பெட்டி எந்த வண்டியில் ஏறிற்று என்று தேடிப் பார்க்கவும்.

அது கிடைக்காவிட்டால்தான் என் வங்கிக் கோரிக்கை. நான் கட்டிய வரிக்கும் பார்ட்டி எனக்குப் பணம் கொடுத்த தேதிக்கும் இடையே உள்ள நாட்களுக்கு, நீங்கள் என்னிடம் வாங்குகிற அதே 18 சதவீதத்தை எனக்குக் கொடுத்தால் போதும். அடகுக்குச் சொத்து எதுவும் கேட்க மாட்டேன், இந்திய அரசு என்பதால் நம்பிக்கையில் கொடுக்கிறேன். பார்ட்டி விஷயத்தில் மட்டும் ஒரு நிபந்தனை: என் பணத்தைக் கொடுத்த மாதத்தில்தான் என் வரியை அவர் உள்வரியாக எடுக்கலாம். இந்த ஒரு விதி வந்தால், “அடுத்த வாரம்” என்ற சொல் அவிநாசி ரோட்டில் வழக்கொழிந்துவிடும் என்று நம்புகிறேன்.

மறுக்கிறீர்கள் என்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2017-ல் வந்த சட்டத்துக்கு அந்தத் தீர்ப்பாயத்தை 2025 செப்டம்பரில் திறந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டோம், மகிழ்ச்சி.

பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்பவும். போர்ட்டலின் ஏதோ ஒரு மூலையில் ஏற்றிவிட்ட நோட்டீஸ் கண்ணில் படாமல், உத்தரவு வந்த பிறகே தெரிந்துகொண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடி, கேட்ட வரியில் 10 சதவீதம் கட்டி மறுவிசாரணை வாங்கியவர்கள் ஏராளம். எங்கள் போர்ட்டலைத் திறக்கிறவன் ஆடிட்டர் ஆபீஸ் பையன். 20-ஆம் தேதி முடியும்வரை அவன் போன்கூட எடுப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் கடன்கொடுத்தவன்.