காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

பெறுநர்: தலைமுடிச் சாயப் பாக்கெட்டில் எழுத்தின் அளவுக்கு ஒப்புதல் தரும் உயர் அதிகாரி அவர்கள்.

பொருள்: எச்சரிக்கை வாசகம் கண்ணுக்குத் தெரியாமை – பாராட்டுத் தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

முடியில் வெள்ளை விழுகிற வயதில்தான் கண்ணில் வெள்ளெழுத்தும் வருகிறது. டை அடிக்க உட்கார்ந்தால் மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். இவ்வளவையும் யோசித்து, ஓர் அரிசியை வைத்தால் ஒரு வார்த்தையே மறைந்துபோகும் அளவில் எச்சரிக்கையை அச்சிட அனுமதித்த தங்கள் தொலைநோக்கை வியக்கிறேன். தொலைநோக்கு எனக்கும் உண்டு. கிட்டத்தில்தான் ஒன்றும் தெரிவதில்லை.

போன மாதம் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். முதல்நாள் சாயங்காலம் சலூனுக்குப் போனேன். சலூன் தம்பி பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்துத் துப்பினார். எச்சரிக்கையில் பாதி அந்த மூலையில் இருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். தலை முடிந்தது, மீசை முடிந்தது. கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம். "புருவத்துலயும் ரெண்டு நரை இருக்குண்ணே" என்று பிரஷ்ஷால் அங்கேயும் ஓர் இழுப்பு.

விடிந்தபோது நெற்றி பணியாரமாக உப்பியிருந்தது. இமைகளை விரலால் பிரித்துத்தான் மணி பார்த்தேன். விசேஷத்துக்குக் கூலிங் கிளாஸோடு போனேன். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ கட்சிப் பிரமுகர் என்று நினைத்து முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். தங்கள் துறையால் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

"இருபது வருஷமா அடிக்கிறேன் டாக்டர், ஒண்ணும் ஆனதில்லை" என்றேன் தோல் மருத்துவரிடம். "அதனாலதான் ஆகியிருக்கு" என்றார். பாராஃபினைலீன்டயமின், சுருக்கமாகப் பிபிடி. முடிக்குக் கருமை தருகிற சரக்கு இதுதான். உடம்பு இதைப் பல வருஷம் பொறுத்துக்கொண்டு, ஒருநாள் பகையாளி என்று குறித்து வைத்துக்கொள்ளும். குறித்தால் அநேகமாக ஆயுளுக்கும் அழிக்காது.

வீட்டுக்கு வந்து பேரனின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பாக்கெட்டைப் படித்தேன். பிறகு விதிகளையும் தேடிப் படித்தேன். அருமையான விதிகள், ஐயா! எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். உள் உறை, வெளி உறை இரண்டிலும் படிக்கும்படி இருக்க வேண்டும். காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும். புருவத்திலும் இமையிலும் படவே கூடாது, பார்வை போகலாம். மிரட்டலுக்குச் சொன்னதல்ல இது. அமெரிக்காவில் 1933-ல் லேஷ் லூர் என்ற இமைச்சாயம் ஒரு பெண்ணின் கண்களைக் குருடாக்கியது. அழகுசாதனங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1938-ல் அங்கே வந்ததற்கு அவர் கதையும் ஒரு காரணம்.

'படிக்கும்படி' என்கிறது விதி. யார் படிக்கும்படி என்பதைச் சொல்லவில்லை. அந்தச் சந்தில் கம்பெனிகள் லாரியே ஓட்டுகின்றன.

பெரிய எழுத்தே அவர்களிடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 'அம்மோனியா இல்லை' என்பது கட்டைவிரல் பருமனில் இருக்கிறது. என் நெற்றியை வீங்கவைத்தது அம்மோனியா இல்லையே! இன்னொரு பாக்கெட்டில் மருதாணி இலைப் படம், பச்சைப் பசேலென்று. மருதாணி அரைத்த எந்தப் பாட்டியையும் கேளுங்கள், அது சிவக்கும், கன்னங்கரேலென்று கறுக்காது. கறுத்தால் உள்ளே பிபிடி இருக்கிறதா என்று பாக்கெட்டின் பின்பக்கம் பார்க்க வேண்டும். மறுபடியும் பூதக்கண்ணாடி.

வீக்கம் வடிந்ததும் சலூனுக்குப் போய், அடுத்த ஆளுக்காவது முதல்நாளே சோதித்துப் பார்க்கச் சொன்னேன். தம்பி சிரித்துவிட்டார். "காதுக்குப் பின்னாடி மட்டும் டை அடிக்கிறதுக்கு யாருண்ணே வருவா? வந்தா எவ்வளவு வாங்குறது?" நியாயமான கேள்வி. தாங்களே ஒரு கட்டணம் நிர்ணயித்துச் சுற்றறிக்கை அனுப்பினால் உதவியாக இருக்கும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'அம்மோனியா இல்லை'க்குக் கொடுத்த இடத்தை எச்சரிக்கைக்கும், எச்சரிக்கைக்குக் கொடுத்த இடத்தை 'அம்மோனியா இல்லை'க்கும் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். மை கூடுதலாகச் செலவாகாது.

இப்படிக்கு,
நரையோடு நடமாடும் நுகர்வோன்.

இணைப்பு: மூலை கிழிந்த காலிப் பாக்கெட் ஒன்று. பூதக்கண்ணாடியை இணைக்க முடியவில்லை, பேரன் திருப்பிக் கேட்கிறான்.