அமெரிக்கக் கால்பந்து முதலாளிமாருக்கு ஒரு வாழ்த்துமடல்

அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக்கின் அணி முதலாளிமாரே, 1987-இல் நீங்கள் காட்டிய பெருந்தன்மைக்கு இதுவரை யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. அந்தக் குறை இங்கே தீரட்டும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி உங்கள் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு, கூப்பிடும் அணிக்குப் போக உரிமை வேண்டுமாம். எலும்பு நொறுங்கும் தொழில், நாலைந்து வருடம் தாங்கினாலே பெரிது. அதற்குள் நல்ல விலை கொடுப்பவரிடம் போய்விடத் துடிக்கிறார்கள். என்ன பேராசை! திறந்த சந்தையைக் குலதெய்வமாகக் கும்பிடும் நாட்டில், அந்தத் தெய்வம் முதலாளி வீட்டு வாசலைத் தாண்டி வரக் கூடாது என்று உங்களைவிடத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் யார்?

1982-இல் வேலைநிறுத்தம் 57 நாள் நீடித்தது. மைதானங்கள் பூட்டிக் கிடந்தன. பாடம் கற்றுக்கொள்வதில் நீங்கள் கெட்டிக்காரர்கள். இந்த முறை ஒரே ஒரு வாரத்து ஆட்டங்களை மட்டும் ரத்து செய்தீர்கள். அதற்குள் மாற்று ஆட்கள் தயார். கோடைப் பயிற்சி முகாமில் ‘தேறமாட்டான்’ என்று நீங்களே கழித்துக்கட்டி வீட்டுக்கு அனுப்பியவர்கள்தான் அவர்களில் பலர். ஆகஸ்டில் எதற்கும் உதவாதவனிடம் அக்டோபரில் திறமையைக் கண்டுபிடிக்கும் கண் எல்லாருக்கும் வாய்க்குமா? ரசிகர்களின் வசதியையும் மறக்கவில்லை. அக்டோபர் 4 அன்று பிலடெல்பியாவின் பெரிய மைதானத்தில் 4,074 பேர்தான். வாசலில் லாரி ஓட்டுநர் சங்கத்தின் மறியல். உள்ளே வந்தவர் காலை நீட்டிப் படுத்தே ஆட்டம் பார்த்திருக்கலாம்.

அதே நாள், வாஷிங்டன். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிராக மாற்று அணியின் எட் ரூபெர்ட் பந்தை எறிகிறார். ஆந்தனி ஆலன் பிடிக்கிறார். ஒரு பக்கத்துக் கோல் கோட்டிலிருந்து மறுபக்கக் கோட்டுக்கு மொத்தமே 100 கெஜம். அதில் தன் பக்கத்துக் கோட்டிலிருந்து 12 கெஜத்தில் தொடங்கிய ஓர் ஆட்டம், ஆலன் எதிர்க்கோட்டைக் கடந்த பிறகுதான் நின்றது: 88 கெஜம், டச்டவுன். அன்றைக்கு அவர் பிடித்தவை 7, அவற்றில் சேர்த்தது 255 கெஜம், டச்டவுன் 3. அணி 28-21 என்று வென்றது. அந்த 255, ஒரே ஆட்டத்தில் பந்து பிடித்துச் சேர்த்த கெஜங்களில் அந்த அணியின் சாதனை. அதன்பின் வந்த பெரிய பெயர்கள் பல பத்தாண்டுகளாகத் தொட முடியாத சாதனை. நீங்களோ அதற்கென்று தனிப் பேரேடு வைத்துக் கேவலப்படுத்தவில்லை. அசல் ஆட்டம் என்றே பதிந்துகொண்டீர்கள். நடப்புச் சாம்பியனான நியூயார்க் ஜயன்ட்ஸின் மாற்று அணி மூன்று ஆட்டத்திலும் தோற்றதையும் அசல் தோல்வி என்றே எழுதினீர்கள். கணக்கில் இத்தனை சுத்தம்!

அக்டோபர் 15 அன்று ஆட்டக்காரர்கள் எதுவும் பெறாமல் வேலைக்குத் திரும்பினார்கள். ‘கெடு நேற்றே முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள்’ என்று ஒரு வாரம் ஓய்வும் கொடுத்தீர்கள். அதனால்தான் 19-ஆம் தேதி திங்கள் இரவு அந்த அற்புதம் நடந்தது. அன்று பகலில் நியூயார்க் பங்குச்சந்தை 508 புள்ளி சரிந்து, முதலாளிகளில் பலருக்கு முதல்முறையாகக் கைநடுக்கம் வந்திருந்தது. இரவில் டாலஸ் அணிக்கு மறியலைக் கடந்துவந்த டோனி டார்செட், ரேண்டி வைட் போன்ற நட்சத்திரங்கள் ஆடினார்கள். வாஷிங்டனிலோ ஒரு பழைய வீரர்கூட மறியலைக் கடக்கவில்லை. ரூபெர்ட் அடிபட்டு வெளியேற, டோனி ராபின்சன் இறங்கினார். போதைப்பொருள் வழக்கில் தண்டனை அனுபவித்துக்கொண்டு, வேலைக்கென்று அனுமதி வாங்கி வெளியே வந்தவர் அவர். அவரை வைத்து வாஷிங்டன் 13-7 என்று வென்றது. சிறைக் கைதிக்கும் மறுவாழ்வு கொடுத்தீர்கள்; சங்கத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும்தான் உங்களால் கொடுக்க முடியவில்லை.

மாற்று அணி ஆடிய மூன்றிலும் வெற்றி. அந்த மூன்றும் வாஷிங்டனின் 11 வெற்றிகளில் சேர்ந்தன. 1988 ஜனவரி 31 அன்று அந்த அணி டென்வரை 42-10 என்று வீழ்த்தி சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கியது. அசல் ஆட்டக்காரர்களுக்கு வைர மோதிரம். மாற்று ஆட்டக்காரர்களுக்கு? சங்கத்தார் அவர்களைக் கருங்காலி என்று திட்டினார்கள். நீங்கள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மோதிரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர்கள் கதையைத் தழுவி 2000-இல் ஹாலிவுட்டில் கீனு ரீவ்ஸ் நடித்த படமே வந்துவிட்டது. அப்போதும் வாஷிங்டன் நிர்வாகம் அவசரப்படவில்லை. 2018-இல்தான் மோதிரம் வந்தது. முப்பது வருடம் ஆறப்போட்டுக் கொடுத்த பரிசு. நிதானம் என்றால் இது.

நீங்கள் 24 நாளில் மண்ணைக் கவ்வவைத்த அந்தச் சங்கம் பிறகு நீதிமன்றத்துக்குப் போயிற்று. நடுவர் குழு 1992-இல் உங்கள் கட்டுப்பாடுகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்றது. எந்த உரிமைக்கு இடமே இல்லை என்று மூன்று வாரம் ஊரைக் கூட்டி ஆடிக் காட்டினீர்களோ, அதே உரிமையை எழுதிக் கொடுத்து 1993-இல் கையெழுத்துப் போட்டீர்கள்.