படிப்பு முதலில், வேலை பிறகா?

கேள்வி: எஸ்டிபிஎம் முடித்துவிட்டேன். பொறியியல் படிக்க ஜெர்மனி போக ஆசை. "முதலில் பட்டம் வாங்கு, வேலையை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் அப்பா. சரிதானா?
– வாசகி, செர்டாங், கெடா

பதில்: தங்கச்சி, உங்கள் ஊர்த் தோட்டத்துப் பாட்டியைக் கேளுங்கள். வெயில் ஏறிய பிறகு கத்தியோடு போனால் ரப்பர் மரம் பால் கொடுக்குமா? வேலை தேடுவதும் விடியலிலேயே தொடங்க வேண்டியதுதான்.

ஜெர்மனியில் பட்டம் வாங்கியவருக்கு வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி உண்டு. கேட்க நீளமாக இருக்கும், ஓடுவது தெரியாது. படிக்கும்போதே ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். அதைத் தட்டுக் கழுவுவதில் மட்டும் தீர்த்துவிடாதீர்கள். 'வெர்க்ஷ்டூடென்ட்' என்று மாணவர்களைத் துறை சார்ந்த வேலைக்கே கம்பெனிகள் எடுக்கின்றன. அந்தக் கதவைத் திறப்பது ஜெர்மன் மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டுப் பேச்சு ஜெர்மனில்தான். இன்றே படிக்கத் தொடங்குங்கள்.

அப்பாவிடம் பணக்கணக்கையும் சொல்லிவிடுங்கள்: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு, ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும்.

திரும்பி வர நேர்ந்தாலும் கலங்காதீர்கள். ஜெர்மனியின் இன்ஃபினியன் 2024 ஆகஸ்டில் தன் புதிய சிப் ஆலையைத் திறந்தது உங்கள் பக்கத்து ஊரான கூலிமில்தான்.