குறும்படப் பரிசு முன்னறிதல் இயல்

ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகர் யார் என்று முன்கூட்டியே சொல்பவர் அறிஞர் அல்லர். அவர் செய்தித்தாள் படிப்பவர், அவ்வளவே. அதற்கு முன் நடக்கும் விருது விழாக்களே விடையைப் பாதி சொல்லிவிடும். ஒருவரின் புலமை வெளிப்படுவதும் வெளுப்பதும் புனைகதை, அனிமேஷன், ஆவணம் என்ற மூன்று குறும்படப் பிரிவுகளில்தான். நாற்பது நிமிடத்துக்கு மிகாத படங்கள். ஆஸ்கர் வெற்றியாளரை ஊகிக்கும் அலுவலகப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவரைக் கவிழ்க்க அது போதும். இத்துறைக்கு முறையான நூல் இல்லாத குறையைப் போக்கவே இவ்வாய்வு.

பண்டைக் காலத்தில் இக்கலை எளிது. அனிமேஷன் குறும்படப் பரிசு தொடங்கிய 1932 முதல் 1939 வரை எட்டு ஆண்டுப் படங்களுக்கும் வென்றவர் வால்ட் டிஸ்னி. அவர் பெயரை எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம். 1940-ஆம் ஆண்டுப் பரிசை எம்ஜிஎம்மின் ‘தி மில்கி வே’ பூனைக்குட்டிகள் தட்டிக்கொண்டு போயின. பொற்காலம் முடிந்தது; கோட்பாடுகள் பிறந்தன.

முதலாவது தலைப்புக் கோட்பாடு. நீண்ட தலைப்பே வெல்லும் என்பர் ஒரு சாரார். 2020-இல் வென்ற ‘லேர்னிங் டு ஸ்கேட்போர்ட் இன் எ வார்ஸோன் (இஃப் யூ’ஆர் எ கேர்ள்)’, 2023-இல் வென்ற ‘தி பாய், தி மோல், தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹார்ஸ்’ ஆகியவை சான்று. அற்றன்று, 2017-இல் ‘சிங்’, ‘பைப்பர்’, 2019-இல் ‘ஸ்கின்’, ‘பாவ்’ என ஒரு சொல் தலைப்புகள் வென்றனவே என்று மறுப்பர் மற்றொரு சாரார். இரண்டையும் இணைத்து, மிக நீண்ட அல்லது மிகக் குறுகிய தலைப்பே வெல்லும் என்று கொண்டால் கோட்பாடு பெரும்பாலும் தோற்காது. கணிப்புக்குத்தான் உதவாது. இதன் கிளைக்கோட்பாடு ஒன்றும் உண்டு: 2022-இல் ‘தி லாங் குட்பை’, 2023-இல் ‘அன் ஐரிஷ் குட்பை’ வென்றதால், தலைப்பில் ‘குட்பை’ இருக்கும் படத்துக்கே புனைகதைப் பரிசு என்பது. 2024 பட்டியலில் அப்படி ஒரு படமே இல்லாமையால் அக்கோட்பாடு விடைபெற்றது.

இனி, பிரபலர் கோட்பாடு. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2018-இல் வென்றார். வெஸ் ஆண்டர்சன் தம் முதல் ஆஸ்கரை 2024-இல் ஒரு குறும்படத்துக்கே பெற்றார். ஆனால் 2025-இல் பிரியங்கா சோப்ராவின் பெயர் தாங்கி நின்ற ‘அனுஜா’ வெல்லவில்லை. தான் ரோபோவோ என்று கலங்கும் பெண்ணைப் பற்றிய டச்சுப் படம் வென்றது.

நம்மவர் நெஞ்சுக்கு நெருக்கமானது இந்தியக் களக் கோட்பாடு. ஆவணப் பிரிவில் 2009-இல் ‘ஸ்மைல் பிங்கி’, 2019-இல் ‘பீரியட். எண்ட் ஆஃப் சென்டென்ஸ்.’, 2023-இல் முதுமலை பொம்மனும் பெள்ளியும் யானைக்குட்டி ரகுவும் வாழும் ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’. மூன்றுக்கு மூன்று என்று துள்ளத் தோன்றும். எனினும், விது வினோத் சோப்ராவின் ‘அன் என்கவுண்டர் வித் ஃபேஸஸ்’ 1979-இல் பட்டியலோடு நின்றது. இத்தகைய தோல்விகளை மறைத்துவிட்டால் கோட்பாடு நூறு விழுக்காடு சரி. துறை வழக்கத்தை ஒட்டி, நாமும் மறைக்கவே விரும்பினோம்.

இத்தனை குழப்பத்துக்கும் காரணம் படங்களல்ல, வாக்களிப்பவர்கள். இறுதிச் சுற்றில் ஐந்து படங்கள். அதிக வாக்கு பெற்றது வெல்லும். வாக்குகள் சிதறினால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலிருந்தாலே பரிசு. இது போதாதென்று 1995-இல் புனைகதைப் பிரிவில் இரண்டு படங்கள் சமமாகி, இரண்டு தரப்புச் சோதிடர்களும் தலைநிமிர்ந்தனர்.

ஒரு காலத்தில் திரையரங்கில் ஐந்தையும் பார்த்தவர்களே குறும்படங்களுக்கு வாக்களிக்கலாம். பிறகு படங்கள் வீட்டுக்கே வந்தன. வீட்டுக்கு வந்ததைப் பார்த்தார்களா என்பது ஹாலிவுட்டின் பழைய வம்பு. இங்கேதான் எம் முடிபு. கிளி ஜோசியத்தில் சீட்டை எடுக்கும் கிளி அதைப் படிப்பதில்லை. அது எந்தச் சீட்டை எடுக்கும் என்று சொல்லப் புறப்பட்டவர் சீட்டுகளைப் படித்து என்ன பயன்? ஐந்து படங்களையும் பார்த்தவர் தமக்குப் பிடித்ததைக் கணித்துத் தோற்பார். சுவரொட்டியை மட்டும் பார்த்தவர் வாக்காளரின் மனத்தோடு ஒன்றி வெல்வார்.

இவ்வாய்வு முடியும் தறுவாயில் ஆஸ்கர் வழங்கும் அகாடமி ஓர் அநியாயம் செய்தது. ஒரு பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்தவர்களே அப்பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்கலாம் என்று 2025-இல் விதி வகுத்தது. அகாடமியின் திரையிடல் தளத்துக்கு வெளியே வேறு எங்காவது பார்த்திருந்தால் எங்கே, எப்போது என்று படிவத்தில் எழுதித் தர வேண்டுமாம். படிவத்தில் பொய் எழுதுவோரின் மனப்போக்கு குறித்த இரண்டாம் தொகுதி தயாராகி வருகிறது.