சராசரியாகச் சரி

சமவெளியில் 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். கணக்கில் பிழையே இல்லை. பக்கத்து நிலையத்து நர்சம்மா ஓய்வு பெற்றுவிட்டால் மட்டும் இங்கிருக்கும் நர்சம்மாவுக்குக் 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரு தாள் வரும். கூடுவது ஊர்கள்தான், கால்கள் பழைய இரண்டே. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, வீடு வீடாகச் சுற்றல், இரவில் அத்தனையையும் 'பிக்மி' இணையப் பதிவேட்டில் ஏற்றல்.

யாருக்குச் சுமை அதிகம் என்று கண்டுபிடிக்க ஆய்வுக் கூட்டமும் உண்டு. அதற்கொரு படிவம். (படிவம் நிரப்பும் வேலைக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.) கூட்டிக் கழித்துப் பார்த்ததில் வட்டாரச் சராசரி கச்சிதம். எல்லோருக்கும் டீ வந்தது. நர்சம்மா மட்டும் பாதி டீயோடு எழுந்துவிட்டார்.

"சார், பன்னிரண்டரை பஸ்ஸை விட்டா அடுத்தது மூணு மணிக்குத்தான்."